விளைச்சலும் வளைகோடும்

செய்யாற்றங்கரையில், காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே அமைந்த காவாந்தண்டலத்தில், நவரைப் பட்டத்தில் இன்ன சர்வே எண்ணில் இவ்வளவு பரப்பில் நெல் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரி, பிர்காவின் கூட்டுத்தொகையில் கரைந்து, பிர்கா தாலுகாவிலும், தாலுகா ஜில்லாவிலும், ஜில்லா மாநிலத்திலும் கலந்து, இறுதியில் இந்திய தேசம் இவ்வாண்டு இத்தனை கோடி டன் உணவு தானியம் விளைத்தது என்னும் ஒற்றை எண்ணாகப் புது தில்லியிலிருந்து பிரசுரமாகிறது. அத்தகைய எண்களை ஐம்பது, அறுபது வருஷங்களுக்கு வரிசையாக அடுக்கி, வேளாண்மை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளர்கிறது என்று பொருளாதார நிபுணர் கூறும்போது, அந்தச் சதவீதத்தை எவரும் எந்தக் களத்திலும் தராசில் இட்டு நிறுத்ததில்லை என்பது நமக்கு நினைவு வருவதில்லை. விளைச்சலை அளக்கலாம், அதன் வளர்ச்சி வீதத்தை அநுமானிக்கத்தான் கூடும். அந்த அநுமானம், எண்களோடுகூட, கணக்கிடுகிறவர் எந்த வளைகோட்டைத் தேர்ந்தார், எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிறுத்தினார் என்பவற்றையும் பெரிதும் பொறுத்தது என்று காட்டுவதே என் உத்தேசம்.

முதலில் அந்த எண்களே எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்துவிடலாம். ஒரு பயிரின் மொத்த உற்பத்தி என்பது பரப்பையும், ஹெக்டேருக்கான சராசரி விளைவையும் பெருக்கி வருவது. பரப்பு அடங்கலிலிருந்து கிடைக்கிறது. ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதில் முடியும் பசலி ஆண்டே அதன் கணக்காண்டு. விளைவைக் காண்பதுதான் சிரமமான காரியம். ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கு அணாவாரி முறை வழங்கிற்று. சாதாரணமான நல்ல விளைச்சலைப் பதினாறு அணா என்று வைத்துக்கொண்டு, இவ்வருஷம் பன்னிரண்டணா, இவ்வருஷம் பத்தணா என்று கிராம உத்தியோகஸ்தர் கண்ணால் பார்த்து மதிப்பிட, அந்த அணாவை நிலையான விளைவோடு பெருக்கினார்கள். பதினாறு அணா என்று எழுத மனம் வந்த உத்தியோகஸ்தர் அபூர்வம். 1920களில் பீகார், ஒரிஸ்ஸா பகுதியில் ஹப்பக் என்ற ஆங்கிலேய அதிகாரி வயலில் இங்குமங்குமாகச் சிறு துண்டுகளை அறுத்து எடைபோட்டுப் பார்க்கத் தொடங்கினார். 1930களின் பிற்பகுதியில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணலில் மாதிரி முறையைப் பெரிய அளவில் பிரயோகித்தார். 1940களில் சுகாத்மேயும் பான்சேயும் அதை நெல்லுக்கும் கோதுமைக்கும் நாடெங்கும் பரப்பினார்கள்.

இன்றும் தமிழ்நாட்டில் நெல்லுக்கு நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை அருகிலிருந்து கவனிப்பவர்களுக்கு அதன் எளிமை வியப்பூட்டும். எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், எந்த வயல் என்பதெல்லாம் குலுக்கல் எண்களால் நிர்ணயமாகின்றன. அறுவடை நாளன்று வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாட்டில் இத்தனை அடி, அகலவாட்டில் இத்தனை அடி என்று மறுபடியும் குலுக்கல் எண்ணின்படியே நடந்து, நின்ற இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றை வகுக்கிறார்கள். கயிற்றுக்கு உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, அந்த நெல்லில் ஒரு பகுதியை உலர்த்தி ஈரக்கழிவும் பார்க்கிறார்கள். அந்தச் சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. ஆகவே தராசில் பன்னிரண்டரைக் கிலோ நின்றால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்று பதிவாகும். கயிற்றின்மேல் சாய்ந்து நிற்கும் குத்துகளை உள்ளே என்று கொள்வதா, வெளியே என்று தள்ளுவதா என்ற தயக்கத்தில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும், ஹெக்டேர்க் கணக்கில் அது 40 கிலோவாகிவிடும். சதுரம் சிறுத்தால் எல்லைக் குத்துகளின் பங்கு பெருகி விளைவு உண்மைக்கு மேலாகவே வந்து நிற்கும் என்று சுகாத்மே 1946இலேயே எடுத்துக்காட்டினார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று களத்துமேட்டில் நின்று சொல்லும் குடியானவருடைய கணக்கும், இந்தக் கயிற்றுச் சதுரத்தின் கணக்கும் சில வேளை பொருந்தாமற் போவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓர் ஊரைப் பற்றிய ஒரு பரிசோதனைக்குத் தனியே மதிப்பில்லை. பல்லாயிரம் பரிசோதனைகளின் சராசரிக்கே மதிப்பு.

இந்த அளவுமுறை மாற்றத்தின் விளைவு, பின்னால் வளர்ச்சியைக் கணக்கிட வந்தவர்களைப் பெரிதும் அலைக்கழித்தது. 1966இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் பிளின் 1891 முதல் 1947 வரையிலான இந்தியப் பயிர் உற்பத்தியை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். உணவு தானிய உற்பத்தி ஆண்டுக்கு 0.11 சதவீதமே பெருகிற்று, மக்கட்தொகையோ 0.67 சதவீதம் பெருகிற்று என்பது அவருடைய முடிவு. 0.11 சதவீதத்தில் உற்பத்தி இரட்டிக்க அறுநூறு வருஷங்களுக்கு மேலாகும் என்றால் அந்தத் தேக்கத்தின் கடுமை விளங்கும். ஆனால் ஆலன் ஹெஸ்டன் என்பவர், அந்தக் காலத்து விளைவுக் கணக்குகளிலுள்ள சரிவு வயலில் நேர்ந்த சரிவா, அணாவாரி மதிப்பீட்டின் சுபாவத்தால் காகிதத்தில் நேர்ந்த சரிவா என்று கேட்டார். அளவுகோல் நடுவில் மாறியிருந்தால், எத்தனை நேர்த்தியான சூத்திரத்தைப் போட்டாலும் அது அளவுகோலின் மாற்றத்தையும் சேர்த்தே வளர்ச்சி என்று சொல்லும். நம்பகமான தொடர்ச்சியுள்ள எண்களை வைத்துப் பேச வேண்டுமானால் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து தொடங்குவதே நலம். அங்கேகூட ஜாக்கிரதை வேண்டும்.

1950-51இல் இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 5.08 கோடி டன். 1964-65இல் அது 8.94 கோடி. வங்கியில் போட்ட பணம் கூட்டு வட்டியில் பெருகுவதுபோல இது பெருகியதாக வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 4.1 சதவீதம் வரும். எந்தத் தேசமும் பெருமைப்படத் தக்க வேகம் அது. அடுத்த வருஷம் மழை பொய்த்தது; 1965-66இல் விளைந்தது 7.24 கோடி டன் மட்டுமே. அமெரிக்கக் கப்பல்களின் கோதுமையை எதிர்பார்த்து நாடு நின்ற காலம் அது. இப்போது 1950-51இலிருந்து 1965-66 வரை அதே கணக்கைப் போட்டால் 2.4 சதவீதம்தான் வருகிறது. பதினான்கு வருஷ உழைப்பின் வேகத்தை ஒரு வருஷத்து வானம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைத்துவிட்டது என்று இதற்குப் பொருளா? இல்லை, முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் பார்த்து நடுவிலுள்ள ஆண்டுகளின் சாட்சியைக் கேளாமல் தீர்ப்பெழுதியதன் பலன் இது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இன்றைக்கும் இந்த வித்தை நடந்துகொண்டுதானிருக்கிறது. வறட்சி ஆண்டைத் தொடக்கமாக வைத்துப் பேசுகிறவர் எந்தக் கட்சியிலிருப்பார், அதையே முடிவாக வைத்துப் பேசுகிறவர் எந்தக் கட்சியிலிருப்பார் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்குப் பரிகாரமாகவே எல்லா ஆண்டுகளின் புள்ளிகளையும் ஒரு வரைபடத்தில் இட்டு, அவற்றினூடே மொத்தத்தில் மிக நெருங்கிச் செல்லும் கோடு ஒன்றை வரைகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி கோட்டை அமைப்பது மீச்சிறு வர்க்க முறை. 1805இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் வெளியிட்டது. புள்ளிகளுக்கு நெருங்கிய கோட்டைக் காண அது உதவும். எத்தகைய கோடு என்பதை அது சொல்லாது. அதை நாமே தேர்ந்து கொடுக்க வேண்டும்.

நேர்கோட்டைத் தேர்ந்தால், உற்பத்தி ஆண்டுதோறும் ஒரே அளவு டன் கூடுகிறது என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம். 1950-51இல் 5.08 கோடியாயிருந்த உணவு தானியம் 2020-21இல் 31.07 கோடியாயிற்று, எழுபது ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வருஷத்துக்கு 37 லட்சம் டன். அந்த 37 லட்சம், தொடக்க ஆண்டின் உற்பத்தியில் 7.3 சதவீதம், கடைசி ஆண்டின் உற்பத்தியில் 1.2 சதவீதம். நேர்கோட்டில் செல்லும் எதுவும் சதவீதத்தில் வருஷா வருஷம் தளர்ந்துகொண்டே வரும். ஆகவே நேர்கோட்டைப் பொருத்திவிட்டு, வேளாண்மை வளர்ச்சி வீதம் குன்றுகிறது என்று ஒருவர் முறையிட்டால், அந்தக் குறை கோட்டைத் தேர்ந்தபோதே உள்ளே வைக்கப்பட்டது. கூட்டு வளர்ச்சி வளைவைத் தேர்ந்தாலோ, வீதம் எழுபது ஆண்டும் மாறாமல் 2.6 சதவீதமாக நின்றது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். வளர்ச்சி முடுகிற்றா, தளர்ந்ததா என்ற கேள்விக்கே அந்த வளைவில் இடமில்லை. இடம் வேண்டுமென்றால் காலத்தின் வர்க்கத்தையும் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும்; சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

கூட்டு வளர்ச்சி வளைவைப் பொருத்துவதற்கு வழக்கமான உபாயம், உற்பத்தியின் மடக்கையை எடுத்துக்கொண்டு அதற்கு நேர்கோடு வரைவது. கணக்கு சுலபமாகிறது, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. போக்குக்கோடு பத்துக் கோடியில் நிற்கையில், மழை கெட்டு ஐந்து கோடி விளைந்த ஆண்டும், மழை கொழித்துப் பதினைந்து கோடி விளைந்த ஆண்டும் டன் கணக்கில் கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றன. மடக்கைக் கணக்கிலோ வறட்சி ஆண்டு செழிப்பு ஆண்டைவிட வெகு தொலைவுக்குத் தள்ளப்பட்டு, கோட்டைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கிறது. புது தில்லியில் இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பிரஜ்னேஷு, சந்திரன் என்னும் இருவர் 2005இல் இந்த வழக்கத்தைக் கண்டித்து எழுதினார்கள். மடக்கைக்கு ஏற்றவாறு பிழைகள் அமைந்திருக்கின்றனவா என்று பாராமலே மடக்கை எடுப்பது தகாது, மூலச் சூத்திரத்தை அப்படியே படிப்படியாகத் திருத்தித் திருத்திப் பொருத்தும் நேரியலற்ற முறை கணிப்பொறிக்குச் சுலபமானது, அதையே கையாளலாம் என்பது அவர்கள் வாதம். அதன் பின்னும் ஆய்வேடுகளில் மடக்கையே கோலோச்சுகிறது. பழக்கம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டின் வடிவத்தைப் போலவே காலவரம்பும் கதையை மாற்றும் என்பதற்குப் பசுமைப் புரட்சியைப் பற்றிய வாதத்தைவிடச் சுவையான திருஷ்டாந்தம் கிடையாது. சி. சுப்பிரமணியம் மத்திய அமைச்சராயிருந்த காலத்தில், 1966இல், மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்திறங்கிற்று. நெல்லில் பிலிப்பைன்ஸின் ஐஆர் 8உம், நம் ஆடுதுறை 27உம் பரவின. கோதுமை உற்பத்தி 1964-65இல் 1.23 கோடி டன்னாயிருந்தது, 1970-71இல் 2.38 கோடி. கோதுமையின் புள்ளிகளை வரைபடத்தில் பார்க்கும் சிறுவனுக்கும் அந்த முறிவு தெரியும். ஆனால் மொத்த உணவு தானியத்துக்கு, ஆண்டுகளை ஒப்பிடத்தக்கவாறு சரிசெய்த குறியீட்டெண்களின்மேல் அரசாங்கம் கணித்த கூட்டு வளர்ச்சி வீதம், 1949-50 முதல் 1964-65 வரை 2.82 சதவீதமாகவும், 1967-68 முதல் 1980-81 வரை 2.15 சதவீதமாகவும் இருக்கிறது! புரட்சிக்கு முன் இருந்த வேகம் புரட்சிக்குப் பின் குறைந்தது என்றால் புரட்சி எங்கே நடந்தது என்று பலர் கேட்டார்கள். அந்த வாதப் பிரதிவாதங்களில் பல ஆண்டுகள் கழிந்தன.

இந்தப் புதிரை அவிழ்க்கும் கருவியை, புரட்சிக்கு முன்பே, 1965இல் பொருளாதார நிபுணர்களான மின்ஹாஸும் அ. வைத்தியநாதனும் செய்து வைத்திருந்தார்கள். வைத்தியநாதன் பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஏரிப் பாசனத்தைப் பற்றி நிரம்ப எழுதியவர். உற்பத்தியின் பெருக்கத்தைப் பரப்பின் பெருக்கம், விளைவின் பெருக்கம், ஒரு பயிரை விட்டு வேறு பயிருக்கு நிலம் மாறுதல் என்று கூறுகளாகப் பிரித்துக் காண வேண்டும் என்பது அவர்களுடைய முறை. அந்தக் கண்ணோடு மேற்கண்ட வீதங்களைப் பார்ப்போம். முதல் காலத்தில் பரப்பு ஆண்டுக்கு 1.35 சதவீதமும் விளைவு 1.36 சதவீதமும் பெருகின. தரிசும் காடும் உழவுக்கு வந்த காலம் அது. இரண்டாம் காலத்தில் விளைவின் வேகம் 1.33 ஆக ஏறத்தாழ மாறாமலிருக்க, பரப்பின் வேகம் 0.38க்கு வீழ்ந்தது. உழுவதற்குப் புதிய நிலம் தீர்ந்துபோன நாட்டில், பழைய வேகத்தை விளைவு விட்டுக்கொடுக்காமல் தாங்கியதே பெரிது. எண்பதுகளில் பரப்பு ஆண்டுக்கு 0.23 சதவீதம் சுருங்கியபோது விளைவு 2.74 சதவீதம் பெருகி, மொத்த உற்பத்தியை 2.85 சதவீத வேகத்தில் கொண்டு சென்றது. புரட்சியின் பலன் நாடு முழுவதுக்கும் எட்டுவதற்குக் காலம் பிடித்தது என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

இன்னொரு சங்கதியும் உண்டு. அரசாங்கம் வகுத்த இரண்டு காலங்களுக்கும் நடுவே 1965-66, 1966-67 என்னும் இரு வறட்சி ஆண்டுகளும் எதிலும் சேராமல் விடப்பட்டிருக்கின்றன. அசாதாரண ஆண்டுகளை விலக்குவது நியாயமாகவே தோன்றும். ஆனால் அப்படி விலக்கியதனால் முதல் காலம் ஒரு சிகரத்தில் முடிகிறது. இரண்டாம் காலம் 9.51 கோடி டன் விளைந்த அமோக ஆண்டில் தொடங்குகிறது. முன்னதன் வீதம் சற்று உயர்ந்தும், பின்னதன் வீதம் சற்றுத் தாழ்ந்தும் வருவதற்கு இதுவே போதும். வங்காளத்து வேளாண்மையை ஆராய்ந்த ஜேம்ஸ் பாய்ஸ் 1986இல் இதற்கொரு வழி சொன்னார். ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியே வளைவு வரைந்தால் ஒன்று முடியும் இடத்துக்கும் மற்றது தொடங்கும் இடத்துக்கும் நடுவே திடீரென்று ஒரு படி விழுகிறது. அந்தப் படியில் நிகழ்ந்த ஏற்ற இறக்கம் எந்தக் காலத்தின் கணக்கிலும் வராமல் மறைந்துவிடுகிறது. ஆகவே இரண்டு வளைவுகளும் சந்திப்பில் ஒன்றையொன்று தொட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு, எல்லா ஆண்டுகளையும் சேர்த்து ஒரே சமன்பாடாகப் பொருத்த வேண்டும் என்றார். மடிப்பு விழுந்த வளைவு என்று அதைச் சொல்லலாம். என் அபிப்பிராயத்தில் இத்துறையின் கருவிகளில் மிக யோக்கியமானது இதுவே. மடிப்பு எந்த ஆண்டில் என்பதை மட்டும் ஆராய்ச்சியாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

கூட்டு வளர்ச்சியின்மேல் மற்றொரு ஆட்சேபம், அதற்கு உச்சவரம்பு இல்லை என்பது. 2.6 சதவீதத்தில் இருபத்தேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தி இரட்டித்துக்கொண்டே போகுமென்றால் ஒரு காலத்தில் நெல்மணிகளைக் குவித்து வைக்கவே பூமியில் இடமிராது. பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட் 1838இல் மக்கட்தொகைக்கென்று வகுத்த லாஜிஸ்டிக் வளைவு முதலில் மெல்ல எழுந்து, நடுவில் வேகமாக ஏறி, உச்சவரம்பை நெருங்கத் தளர்ந்து படியும். ஆயுள் காப்பீட்டுக் கணக்கர் கோம்பெர்ட்ஸ் 1825இல் மரண விகிதத்துக்கு எழுதிய சூத்திரத்திலிருந்து வந்த வளைவும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் வேக உச்சம் மட்டும் சற்று முன்னதாகவே வந்துவிடும். ஒரு புதிய ரகம் கிராமம் கிராமமாகப் பரவி, எல்லா நிலமும் அந்த ரகத்துக்கு மாறியபின் ஓய்வதைப் பார்த்தால், விளைவு வீதத்துக்கு இந்த வளைவுகள் பொருத்தமாகவே படுகின்றன. இந்தியாவின் அரிசி விளைவு 1950-51இல் ஹெக்டேருக்கு 668 கிலோ, 1990-91இல் 1,740, 2010-11இல் 2,239.

ஆனால் உச்சவரம்பை எண்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று நம்புவது அபாயம். லாஜிஸ்டிக் வளைவின் ஆரம்பப் பகுதியும் கூட்டு வளர்ச்சியும் பார்வைக்கு ஒன்றே. வளைவு திரும்பிய பிறகே வரம்பு எங்கே என்று ஓரளவுக்காவது தெரியும். 1920இல் பேர்ல், ரீட் என்னும் அமெரிக்க அறிஞர்கள் தம் நாட்டு மக்கட்தொகைக்கு இவ்வளைவைப் பொருத்தி, 19.7 கோடிக்குமேல் அது செல்லாது என்றார்கள். அதுவரையிலான கணக்கெடுப்புகளுக்கு வளைவு அற்புதமாகப் பொருந்தியிருந்தது. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தொகை 20.3 கோடி. பயிருக்கு உச்சவரம்பு இன்னது என்று சொல்ல வேண்டியவர்கள் உழவியலாரும் நீரியலாரும்; வளைகோட்டுக்கு அந்த அதிகாரமில்லை.

இனி இந்த முறைகளோடு காவாந்தண்டலம் இருக்கும் ஜில்லாவுக்கே திரும்பினால் இடர்ப்பாடுகள் பன்மடங்காகின்றன. முதலில் ஜில்லாவே ஒன்றாயில்லை. பழைய செங்கற்பட்டு 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. காஞ்சிபுரம் ஜில்லாவின் நெல் உற்பத்தி என்று தலைப்பிட்ட எண்களை அப்படியே வரிசையாக எடுத்து வளைவு பொருத்தும் மாணவருக்கு, மழையோ ரகமோ காரணமில்லாத ஒரு மாபெரும் வீழ்ச்சி 2019இல் கிடைக்கும். அது சர்க்கார் ஆணையில் விளைந்தது. தாலுகா வாரியான எண்களைத் தேடி எடுத்து, உத்திரமேரூர் முதலிய இன்றைய தாலுகாக்களுக்குரியவற்றை மட்டும் பின்னோக்கிக் கூட்டி வரிசையைப் புதிதாகக் கட்டுவது அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அடுத்து, இங்கே சாகுபடி ஏரியை நம்பியது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலையால் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்த விதியைப் பொறித்துவைத்திருக்கின்றன என்றால், நீரை நிர்வகிப்பது இந்த நாட்டார்க்கு எத்தனை பழைய கவலை என்று தெரிகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் சம்பா பிழைக்கும், நவரை நடக்கும், கிணற்றில் ஊற்று நின்றால் சொர்ணவாரியும் உண்டு. 2016இல் தமிழ்நாட்டில் அந்தப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. மாநிலத்தின் அரிசி உற்பத்தி முந்தைய ஆண்டைவிட வெகுவாகக் குறைந்தது. இத்தகைய இடத்தில் ஹெக்டேருக்கான விளைவு, ரகத்தையும் உரத்தையும் தொடர்ந்து ஓரளவு சீராகவே ஏறுகிறது. துள்ளுவதும் விழுவதும் பெரும்பாலும் பரப்பு. தண்ணீர் இல்லாத வருஷத்தில் நடவே குறைந்துவிடுகிறது, நட்டதோ சுமாராக விளைகிறது. அதோடு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளும் சென்னையிலிருந்து நீண்டுவரும் மனைப்பிரிவுகளும் எடுத்துக்கொண்ட நிலம் எந்த மழைக்கும் திரும்பி வருவதில்லை.

ஆகவே மொத்த உற்பத்திக்கு ஒரே வளைவைப் பொருத்தாமல், மின்ஹாஸ், வைத்தியநாதன் வழியில் பரப்பையும் விளைவையும் பிரித்து, விளைவுக்கு லாஜிஸ்டிக் போன்ற மெல்லிய வளைவையும், பரப்புக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையளவைக் காரணியாகக் கொண்ட சமன்பாட்டையும் தனித்தனியே கண்டு, பின்பு பெருக்கிப் பார்ப்பதே இந்த ஜில்லாவுக்குத் தகும். மழையின் பங்கைக் கழித்த பிறகும் பரப்பில் சரிவு மீந்திருந்தால், அந்த மீதியின் காரணத்தை அடங்கலில் தேட வேண்டும். நஞ்சை என்றிருந்த சர்வே எண்ணுக்கு எதிரே மனை என்று மாறியிருக்கிறதா, அல்லது தரிசு என்று வருஷா வருஷம் எழுதப்பட்டு வருகிறதா என்பது அங்கேதான் இருக்கிறது.